சிவப்பு சோடா

தாய்லாந்தை நான் முதலில் பார்த்தது பென்னாகரம் நூலகத்தில், அட்டை கிழிந்த ஒரு சிறுகதைத் தொகுப்பில். சித்தப்பா அந்த நாட்டு ஓட்டல் ஒன்றில் சமையல் வேலைக்குப் போயிருந்தார் என்பதால் எடுத்து வந்தேன். கடற்கரையும் யானைச் சவாரியும் இருக்கும் என்று நம்பியவளுக்கு ஏமாற்றம்தான். அதில் எல்லோரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள், மாமியாரோடு சண்டை போட்டார்கள், மழை வந்தால் ஓடிப்போய்த் துணி எடுத்தார்கள். நம் ஜனங்கள்தான், பெயர் மட்டும் வாயில் நுழையவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு போட்டோ ஊரில் போன் போனாகச் சுற்றியது. கம்பத்தின் மேல் பொம்மை வீடு போல ஏதோ ஒன்று. அதன் முன்னால் சித்தப்பா, கையில் சிவப்பு பாட்டில். ஓட்டல் மாடியில் ஆறு பேரோடு ஒரே அறையில் இருப்பதாகச் சொன்னவர் போன் செய்து மூன்று மாதமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தியின் அண்ணன் மொரப்பூரிலிருந்து வந்து இறங்கினார். குடிகாரனுக்காகத் தங்கை காத்துக் கிடக்க வேண்டாம், இன்றே கூட்டிப் போகிறேன் என்றார். சித்தி போய்விட்டால் எனக்கு யார்? அம்மா விடிந்ததும் கம்பெனி வேனுக்கு ஓடிவிடுவாள். எனக்குத் தலை பின்னியது, அடி விழாமல் காப்பாற்றியது எல்லாம் சித்திதான். சித்தி துணிப்பையை எடுத்து வைத்துவிட்டாள்.

“அது சாராயம் இல்லீங்க மாமா, சோடா” என்றேன்.

புத்தகத்தைக் கொண்டுவந்து படித்தேன். அங்கே வீட்டு வாசலில் நிலத்துச் சாமிக்குக் குட்டி வீடு வைத்து, சிவப்பு சோடா படைப்பார்கள். நாம் முனியப்பனுக்குச் சுருட்டு வைப்பதில்லையா, அப்படி. மாமாவின் முகம் தொங்கிவிட்டது.

“சாமி கும்புட்டவனயா இத்தினி நாளா திட்டிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

அப்பா சிரித்தேவிட்டார். டீ வந்தது. தலைகால் புரியாமல் போன நான், யாரும் கேட்காமலே மேலே படித்தேன். புதுக்குடித்தனம் வந்த அன்றே கதையில் புருஷனும் பெண்டாட்டியும் சாமி வீடு வைக்கிறார்கள். தினமும் காலையில் அவள் பூமாலை சாத்துவாள், அவன் சோடாவைத் திறந்து வைப்பான்.

“அத இன்னொருக்கா படி கண்ணு” என்றாள் சித்தி.

படித்தேன், இன்னும் சத்தமாக. சித்தி அப்பாவின் போனை வாங்கி, போட்டோவை விரலால் பெரிதாக்கினாள். பொம்மை வீட்டில் தொங்கிய பூமாலையைப் பார்த்தாள். பின்னால் தெரிந்த வாசற்படியில் பெரிதாக ஒரு ஜோடியும் சிறிதாக ஒரு ஜோடியுமாகக் கிடந்த செருப்புகளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு துணிப்பையை எடுத்துக்கொண்டாள். “போலாங்கண்ணா” என்றாள்.

மாமா விழித்தார். நீதானே சோடா என்று சொன்னாய் என்பதுபோல என்னைப் பார்த்தார். சித்தி என் தலையைத் தொட்டுவிட்டு இறங்கி நடந்தாள். நான் பஸ் வரைக்கும் ஓடினேன். அத்தனை தெளிவாகப் படித்துக் காட்டியும் சித்திக்குப் புரியவில்லையே என்று எனக்கு அவள்மேல்தான் கோபம்.