நான் தாண்டிப்போன பக்கம்

ஐம்பதுகளின் நடுவில் எனக்குப் பதினொரு வயது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வீட்டில் நான்தான் உரக்க வாசிப்பேன். அம்மா மௌத்தாகி அடக்கமும் ஆன பிறகு அடுப்படியே கதியென்று ஆகிவிட்ட அக்காவுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். பத்திரிகை பக்கத்து வீட்டார் படித்து முடித்த பிறகு எங்களுக்கு வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டதும், அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா திரைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொள்வார். அவர் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும், அதுதான் வீட்டுச் சட்டம். ஆகாதது ஏதும் கேட்டுவிட்டால் பத்திரிகை அடுப்புக்குள் போகும். ஒருமுறை போயும் இருக்கிறது.

அந்தக் கதையில் பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு கிழவனைப் பேசி முடிக்கிறார்கள். அவள் கிணற்றைத் தேடிப் போகிறாள். எங்கள் வீட்டிலும் அப்போது கல்யாணப் பேச்சுதான். சித்தையன்கோட்டைத் தோல் வியாபாரி, இரண்டாம் தாரம், அக்காவைவிட முப்பது வயது மூப்பு. அக்கா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சோறு மட்டும் அவளுக்கு இறங்கவில்லை.

அந்த வாரம் ஒரு நர்சம்மா அந்தப் பெண்ணைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்கிறாள்: “சாகத் துணிந்தவளுக்கு அப்பாவிடம் பிடிக்கவில்லை என்று சொல்லவா துணிச்சல் இல்லை? முதலில் அதைச் சொல். நானும் கூட வருகிறேன்.”

அந்த வரிகளைக் கண்டதும் எனக்கு அடுப்புதான் ஞாபகம் வந்தது. அத்தா கேட்டால் கதை அன்றோடு சரி. அடுத்த வாரம் அவள் என்ன ஆனாள் என்று தெரியாமல் போய்விடுமே என்ற அற்ப ஆசை. பக்கத்தையே தாண்டிவிட்டேன்.

“அம்புட்டுத்தானா?” என்றாள் அக்கா.

“அம்புட்டுத்தான்.”

நிக்காஹ் அன்று சம்மதம் கேட்க வந்தவர்களிடமும் அவள் வாய் திறக்கவில்லை. குமரின் மௌனமே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஐந்து வருடத்தில் நாலாவது பிரசவம். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் உதிரம் நிற்காமல் கிடந்தாள். மனசு கேட்காமல், அன்று விட்ட பக்கத்தை அவளிடம் சொல்லி அழுதேன்.

“எனக்கு அப்பவே தெரியும்டீ,” என்றாள். “பக்கத்து வீட்டுல முன்னாடியே கதையச் சொல்லிட்டாக. நீ வாசிச்சா அத்தா காதுல விழும்னுதான் உக்காந்திருந்தேன்.”

அத்தா வெளியே வராந்தா பெஞ்சில்தான் இருந்தார். நாலு எட்டு வைத்தால் போதும், அக்கா சொன்னதை அவரிடம் சொல்லியிருக்கலாம். அப்போதும் எனக்குப் பயம். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்வதற்குள் அக்கா போய்விட்டாள்.