கொடி இல்லாத முந்திரி

என் கணவரின் ஆன்மாவுக்காக வைத்த பூசைகள் எல்லாவற்றையும் செல்லாமல் ஆக்கியவள் நான்தான். பீடத்துக்குத் திராட்சை இரசம் என்று நான் கொடுத்தது திராட்சை இரசமே அல்ல.

சொல்லிவிட்டேன்! இனி நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முகத்தைச் சுளிப்பதற்கு முன் இதையும் கேளுங்கள். இத்தாலியில் தலைமுறை தலைமுறையாக வைன் செய்யும் ஒரு வீட்டின் வாரிசே அதைக் குடித்துவிட்டுத் தன் வீட்டு வைன் என்று சொன்னான். என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான்!

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. என் கணவர் சவேரியின் அப்பா காலத்துக் கடை. கப்பல்காரர்களுக்கு வேண்டிய சாமான், துரைமார்களுக்கு வேண்டிய தின்பண்டம், கோயிலுக்கு மெழுகுதிரி, எல்லாம் விற்போம். எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது ‘மணி மார்க்’ வைன். அதைச் செய்யும் குடும்பத்தின் பெயர் யார் வாயிலும் நுழையாது. லேபிளில் ஒரு குன்று, அதன்மேல் ஒரு கல்வீடு, வீட்டின் நெற்றியில் மூன்று மணிகள். அதனால் மணி மார்க்.

குன்றின் சரிவு முழுவதும் அவர்களுடைய கொடிகள்தானாம். மேல் சரிவுப் பழமும் கீழ்ச் சரிவுப் பழமும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாதாம். வீட்டுக்கு அடியில் பாறையைக் குடைந்த நிலவறை, அதில் ஆள் உள்ளே இறங்கிக் கழுவும் அளவுக்குப் பெரிய பீப்பாய்கள். குடும்பத்தில் மூத்தவர் வாயில் வைத்துத் தலையசைத்த பிறகுதான் சீசாவுக்கும் கப்பலேறும் பீப்பாய்க்கும் அரக்கு முத்திரை. அந்த மலையையே பார்த்திராத என் கணவர், ஏதோ பாட்டன் சொத்துபோல இதையெல்லாம் சொல்லுவார்.

“ஏளா செசிலி, மேல் சரிவு வெள்ளை வைனைக் கோயிலுக்குன்னு தனியா எடுத்து வையி. துரைமாருக்குக் கீழ்ச் சரிவு போதும். குடிச்சிட்டுக் கத்திப் பாடுதவனுக்கு என்ன தெரியும்?”

பிறகு போர் வந்தது. இத்தாலி எதிரி நாடாயிற்று. கப்பல் நின்றது. அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தானா அவருக்கும் அந்தக் காய்ச்சல் வரவேண்டும்!... போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, அவருக்குப் பூசை கேட்கப் போனேன். அப்போதிருந்த பங்குச் சாமியார் வெள்ளைக்காரர். தமிழை ஜெபப் புத்தகங்களில் கற்றவர். வருத்தத்தோடு கையை விரித்தார்.

“மகளே, இரசம் மிகவும் கொஞ்சமே உள்ளது. ஞாயிறு பூசைக்கே சொட்டுச் சொட்டாய்ச் செலவிடுகிறேன். மரித்தோர் பூசைகள்... கப்பல் வரட்டும்.”

கப்பல் வரட்டும்! அதுவரை என் மனிதர் மோட்சத்துக்குப் போகாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகட்டும், அப்படித்தானே? ஊர்ப் பிணங்களுக்கெல்லாம் பூசை இரசம் கொடுத்தவருக்கே பூசை இல்லையா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் நேர்வழியில்தான் போனேன், நம்புங்கள். மதுரைப் பக்கத்திலிருந்து கொடிமுந்திரி வரவழைத்தேன். எங்கள் பக்கத்தில் திராட்சைக்கு அதுதான் பெயர். போர்க்காலத்து ரயிலில் கிடந்து பாதி அழுகி வந்தது. மீதியைப் பிழிந்து ஊறவைத்தேன். காடியாகத்தான் மாறியது. ஊறுகாய்க்குக்கூட உதவவில்லை.

அப்போதுதான் தேரிக்காட்டுத் தங்கம்மக்கா கொல்லாங்கொட்டை விற்க வந்தாள். கொட்டையைத் திருகி எடுத்த பிறகு அந்தப் பழத்தை எவரும் சீந்துவதில்லை. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். தொண்டையைக் கரகரவென்று பிடித்தது. ஆனால் அந்த மணம்!

“பழத்தையும் கொண்டாக்கா. எம்புட்டு இருந்தாலும் கொண்டா.”

“என்னத்துக்குளா? பன்னியா வளக்கப் போற?” என்று சிரித்தாள்.

ஆறிய கஞ்சித் தண்ணீரைச் சாற்றில் ஊற்றினால் அந்தக் கரகரப்பு திரண்டு அடியில் தங்கிவிடும் என்று நானாகக் கண்டுபிடித்தேன். தெளிவை மட்டும் இறுத்து, பனங்கற்கண்டு சேர்த்து, கள்ளின் வண்டல் கொஞ்சம் விட்டு, மணி மார்க் வந்த பழைய பீப்பாயிலேயே மூடி வைத்தேன். எத்தனை முறை கெட்டது, எத்தனை முறை சாக்கடையில் கொட்டினேன்! கடைசியில் ஒரு நாள் திறந்தேன். வெளிர்ப்பொன் நிறம். வாயில் வைத்தேன். கடையில் தனியாக நின்று கைதட்டினேன்!

மணி மார்க் சீசா ஒன்றில் ஊற்றிச் சாமியாரிடம் கொண்டுபோனேன். கப்பலில் வந்ததல்ல, நானே செய்தது என்று நேராகவே சொன்னேன். அவர் முகர்ந்தார், சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒரு மிடறு குடித்தார். கண்கள் விரிந்தன.

“இது என்ன பழம், மகளே?”

இங்கேதான்... இங்கேதான் நான் விழுந்தேன். ஊரில் சின்னப் பிள்ளைகூட அதைக் கொல்லாம்பழம் என்றுதான் சொல்லும். நானும் பிறந்தது முதல் அப்படித்தான் சொல்லி வந்தேன். அன்றைக்கு மட்டும் பட்டணத்தார் சொல்லும் பெயரைத் தேடி எடுத்தேன்.

“முந்திரிப்பழம், சாமி.”

ஜெபப் புத்தகத்தில் திராட்சைக்கு முந்திரிகை என்று பெயர். “முந்திரிகை! நம் ஆண்டவர் ஆசீர்வதித்த கனி!” என்று அவர் என் தலையில் கைவைத்தார். ‘கொடி’ என்ற அந்த ஒரு சொல்லை நான் விழுங்கியது அவருக்கு எப்படித் தெரியும்? நான் பொய் சொன்னேனா? நீங்களே சொல்லுங்கள்! வாயில் பொய்யே வராமல் இவ்வளவு பெரிய பாவத்தைச் செய்ய இந்த உலகத்தில் என்னைத் தவிர யாரால் முடியும்?

திராட்சை அல்லாத வேறு எதன் சாற்றை வைத்தாலும் அது பூசையே ஆகாது. இது எனக்குத் தெரியும். கன்னியர் மடத்தில் ஞானோபதேசம் படித்தவள் நான். தெரிந்தே கொடுத்தேன்.

என் கணவரின் ஆண்டுப் பூசை நடந்தது. என்ன பாட்டு, என்ன தூபம், என்ன கூட்டம்! கறுப்பு முக்காட்டுக்குள் நான் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அழவில்லை. சாமியார் இரசத்தை ஊற்றும்போது அது கலங்காமல் விழுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெளிவாக விழுந்தது. போர் முடியும்வரை எங்கள் கோயிலில் ஒரு பூசைகூட நிற்கவில்லை. அக்கம்பக்கத்துப் பங்குக் கோயில்களில் எல்லாம் எங்கள் பேச்சுதான்!

போர் முடிந்தது. ஒரு காலையில், தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓர் இத்தாலிய இளைஞன் கடை வாசலில் நின்றான். லேபிளில் இருந்த அந்தக் கல்வீட்டின் பேரன்! எனக்குத் தெரிந்த இங்கிலீசில், அவனுக்குத் தெரிந்த இங்கிலீசைக் கேட்டேன். பட்டாளத்தார் வீட்டுக்குள் புகுந்து நிலவறையைக் குடித்தே காலி செய்துவிட்டார்களாம். கொடிகளை வெட்டி விறகாக எரித்துவிட்டார்களாம். புதுக்கொடி நட்டிருக்கிறான். ஆனால் எந்த ருசிக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லத் தாத்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அதனால் பழைய சீசா ஒன்றாவது கிடைக்காதா என்று முன்பு வைன் அனுப்பிய ஊர்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறான்.

“இல்லை” என்றிருக்கலாம். ஒரே சொல். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, மணி மார்க் சீசாவில் அடைத்திருந்த என் வைனை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன்? இரக்கமா? ஐயோ, இல்லை! அவன் வாயால் கேட்க வேண்டும் என்ற வெறி...

குடித்தான். கண்ணை மூடினான். பிறகு கன்னத்தில் நீர் வழிய, “மேல் சரிவு... இது எங்கள் மேல் சரிவு” என்றான்.

அந்த நிமிடத்தை எனக்கு யாராலும் திருப்பித் தர முடியாது. அந்தக் குன்றும் நிலவறையும் தலையசைத்த மூத்தவர்களும் ஒரு பக்கம். பன்றி தின்னும் தேரிக்காட்டுப் பழமும் நானும் ஒரு பக்கம்! நான் ஜெயித்தேன். இருந்த சீசாக்களை எல்லாம் அவனுக்குச் சும்மாவே கொடுத்தேன். பிள்ளையைத் தூக்குவதுபோல் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். பாவம்... அதை வைத்துத்தான் தன் புதிய வைனுக்கு ருசி பார்ப்பானாம்.

வெள்ளைக்காரச் சாமியார் ஊருக்குத் திரும்பிய பிறகு, அவர் இடத்துக்கு வந்த இளம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

“மனஸ்தாபப்படுறீங்களா, அம்மா?”

“பூசைக்கு வருத்தப்படுதேன் சாமி. வைனுக்கு இல்ல.”

“ரெண்டும் ஒண்ணுதானம்மா?”

“ஒண்ணுதான் சாமி. அதான் எனக்கு முடியல.”

அவர் பாவமன்னிப்புக் கொடுக்கவில்லை. நிஜமான இரசத்தால் கணவருக்கு மறுபடியும் பூசை வையுங்கள், மனஸ்தாபம் வந்ததும் வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

சில ஆண்டுகளில் மணி மார்க் மறுபடியும் கப்பலில் வந்தது. அவன் நட்ட புதுக்கொடியின் வைன். முத்திரையை உடைத்து ஒரு மிடறு குடித்தேன். எனக்கு உடனே தெரிந்துவிட்டது... அவன் என் ருசியை எட்டிப் பிடிக்கப் பார்த்திருக்கிறான்! எட்டவில்லை. மெலிந்த வைன். ஆனால் திராட்சை. சுத்தமான திராட்சை. கோயிலுக்கு அதையே கொடுத்தேன்.

என் கணவருக்குச் செல்லும்படியான முதல் பூசை அன்றுதான் நடந்தது. சாமியார் இரசப் பாத்திரத்தை உயர்த்தினார். எல்லோரும் தலை குனிந்தார்கள். இத்தனை ஆண்டுகள் என் மனிதர் காத்துக் கிடந்தது அந்தக் கணத்துக்காகத்தான். அவர் பெயரைச் சொல்லி மன்றாட முழங்காலில் நின்றேன்.

என்னுடையது இதைவிட நன்றாக இருந்தது என்றுதான் நினைத்தேன்.