சீல் வைத்த வேகனுக்குத் தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். கொஞ்சம் இங்கிலீஷ் புத்தகம் படிப்பவன் என்பதால், உலக விவகாரம் முழுக்க எனக்குத் தெரியும் என்று மலையில் ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கெடுக்கவில்லை.

அப்படி நம்பி வந்தவர்களில் ஒருவர் மாரமங்கலத்து விவசாயி. நோய் விழுந்து அவருடைய கமலா ஆரஞ்சு மரங்கள் மொத்தமும் பட்டுப்போயிருந்தன. வெளியூர் நர்சரியில் எட்டுக் கூடை கன்று சொல்லி வைத்துவிட்டு, குழி வெட்டித் தழையும் போட்டு வைத்திருந்தார். முதல் மழைக்குக் கன்று மண்ணில் இருக்க வேண்டும். தவறினால் ஒரு வருஷம் போனதுதான்.

"ஏனுங்க ரைட்டரே, லாரியில போடட்டுமுங்களா, ரயில்லயுங்களா?"

லாரி என்றால் கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து கிடப்பது என்றுதான் மலைக்காரர்களுக்குத் தெரியும். ரயிலைச் சேலத்துக்கு இறங்கினால்தான் பார்ப்போம்.

"ரயிலு தண்டவாளத்து மேல, சமதரையில ஓடுதுங்க. அது எங்க போய்க் கவுறப்போகுது?" என்றேன். அவர் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே சொன்னதாக ஞாபகம்.

சேலத்துக்கு மூன்று ஸ்டேஷன் இருக்கும்போது கன்று ஏற்றி வந்த சரக்கு வண்டி தடம் புரண்டது.

பஸ் பிடித்து ஓடினோம். முன்னால் நான்கு வேகன்கள் படுத்த மாடுகளைப் போலக் கிடந்தன. ரசீதிலிருந்த நம்பர் கொண்ட எங்கள் வேகன் பின்னால், தண்டவாளத்தின் மேலேயே, ஒரு கீறலில்லாமல் நின்றது. கதவில் கம்பி கட்டி ஈய சீல். கதவு இடுக்கில் கண்ணை வைத்தால் கன்றுகளின் வேரில் ஈரத்துக்காகச் சுற்றிய பாசி தெரிந்தது.

"சேர்ற ஊர்லதான் சீல் உடைக்கணும் சார். உள்ள இன்னும் பல பேர் சரக்கு இருக்கு. நான் கை வச்சா வேலை போயிடும்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். எங்களுக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார். கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"உள்ள மனுசன் மாட்டியிருந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்றார் விவசாயி.

"மனுசனை வேகன்ல புக் பண்றதில்லைங்க."

நான் என் ஆயுதத்தை எடுத்தேன். இங்கிலீஷில் மூன்று பக்க மனு. மாஸ்டர் பொறுமையாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்று மேஜையில் கல்லுக்கடியில் வைத்தார்.

நான் வெளியே வந்தபோது விவசாயி பிளாட்பாரத்து வாளியில் தண்ணீர் மொண்டு, ஒரு தம்ளரால் கதவு இடுக்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். யாரைக் கேட்டு வாளியை எடுத்தீர்கள் என்று மாஸ்டர் கேட்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தினமும் காலை பஸ்ஸில் இறங்கி வேகனுக்குத் தண்ணீர் விட்டோம். பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாகப் போன பாசஞ்சரிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "ஏனுங்க, எப்ப காய்ப்புக்கு வருமுங்க?" என்று கேட்டார். விவசாயி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

ஆறாம் நாள் வேகன் சேலம் வந்தது. சீலை உடைத்தார்கள். கதவோரத்து இரண்டு கூடைகள் பச்சையாக இருந்தன. தம்ளர் தண்ணீர் எட்டியது அவ்வளவுதான். மற்றவற்றின் இலைகள் தொட்டாலே நொறுங்கின. அவர் ஒவ்வொரு கன்றாக எடுத்து, பட்டைக்கடியில் பச்சை இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கடைசிக் கூடையின் கடைசிக் கன்று வரை பார்த்தார். நான் ரசீதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு கூடைகளோடு குப்பனூர் ரோட்டில் லாரியில் ஏறினோம். வளைவுகளில் நான் லாரியைப் பிடித்துக்கொண்டேன், அவர் கூடைகளைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த தபா லாரியிலயே போட்டுக்கலாமுங்க" என்றார்.

"கவுந்துட்டா?"

"கவுந்தா நாமளே எறங்கிப் பொறுக்கிக்கலாமுங்க. யாரையும் கேக்க வேண்டியதில்லீங்களே."

இரண்டு நாளில் மழை பிடித்துக்கொண்டது. போய்ப் பார்த்தேன். மேல் வரிசையில் மட்டும் கன்றுகள் நின்றன. கீழே மற்ற குழிகளெல்லாம் தண்ணீர் நிறைந்து கிடந்தன.

"வாங்க ரைட்டரே. நொம்ப நனைஞ்சுட்டீங்க, காபி குடிங்க" என்றார்.

இந்தத் தடவை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.