பலகை தெரியாத வெள்ளிக்கிழமை

பெர்னடீன் கோசிக் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாலே போதும், பின்னால் நிற்கிற பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்துவிடும். அப்படியும் ஒருவன் நின்றால் அந்தக் குரல் வரும்.

"உக்காரு! நீ உக்காந்தாதான் சக்கரம் உருளும்!"

கால்டர் நகரத்தில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற பாதிப் பேர் அந்த மஞ்சள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள்தான். இன்று வக்கீலாக இருப்பவர், பல் பிடுங்குபவர், மேயருடைய தம்பி எல்லோருக்கும் அந்தக் குரல் முதுகெலும்பில் எங்கோ தங்கியிருக்கிறது.

எங்கள் ஊர் அமெரிக்காவில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது. பெரிய ஊர் என்று சொன்னால் பக்கத்துப் பெருநகரமான கிளீவ்லாந்துக்காரர்கள் சிரிப்பார்கள். சின்ன ஊர் என்று சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். எஃகு ஆலை முழுதாக ஓடிய காலத்தில் எங்களுக்கென்று ஒரு பேஸ்பால் அணி இருந்தது. பெர்னடீன் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது கழுத்தில் தட்டை மாட்டிக்கொண்டு பார்வையாளர் வரிசைகளில் வேர்க்கடலை விற்றார். காசு கைமாறி வருவதற்குள் பொட்டலத்தைக் குறி தவறாமல் வீசிவிடுவார். அந்த ஆலை சுருங்கியதும் அணியும் போய்விட்டது. அதன்பிறகு அவர் கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பெண்களை வளர்த்தார், பஸ் ஓட்டினார், தொழிற்சங்கப் பெண்கள் அணிக்குப் பந்து வீசித் தோளைக் கெடுத்துக்கொண்டார். மைதானம் மட்டும் அப்படியே கிடந்தது. உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் அங்கே பயிற்சி செய்வார்கள். யாராவது ஓங்கி அடித்த பந்து இடதுபக்கத்து மரப்பலகை இருக்கை வரிசைகளில் விழுந்து டக், டக் என்று உருளும். பஸ்ஸை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தச் சத்தம் அவர் காதில் விழும். காலி வீட்டில் யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. எங்கள் ஊரில் ஆறு கத்தோலிக்கப் பங்குகள். ஸ்லோவாக்கியருக்கு ஒன்று, ஜெர்மானியருக்கு ஒன்று, போலந்துக்காரருக்கு ஒன்று என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கோயில். ஞானஸ்நானமும் கல்யாணமும் சாவும் அவரவர் கோயிலில்தான். அடுத்த தெருக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழுச் சாயங்காலத்தைக் கழிக்க ஊரில் வேறு இடமே இல்லை. மைதானம்தான் அப்படிப்பட்ட இடமாக இருந்தது. இப்போது அதையும் இடித்துவிட்டு லாரிக் கம்பெனிக்குக் கிடங்கு கட்டப் போவதாகப் பேச்சு.

அதைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. புதிதாக ஓர் ஊரைச் சேர்த்துக்கொள்ளப் போவதாக ஒரு தொழில்முறை பேஸ்பால் லீக் அறிவித்திருந்தது. அந்த லீக்கின் ஆள், டிரென்ட் ஹாலவே என்பவர், மார்ச் மாதத்தில் நகர மன்றத்துக்கு வந்தார்.

"ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன்," என்றார். "உங்க ஊரு நடுத்தரம், ஆசை பெருசு. பெரிய டீமோட ஆட்டத்த டிவியில ஓசியில பாக்கறவன் டிக்கெட் வாங்கிட்டு இங்க எதுக்கு வரணும்?"

மேயர் கண்ணாடியைத் துடைத்தார்.

"சரி, ஒரு சோதனை வைக்கிறேன். எங்க ரெண்டு டீமக் கூட்டிட்டு வந்து ஒரு ஆட்டம் ஆடறோம். ஒம்பது இன்னிங்ஸ்ல அஞ்சாவது முடிஞ்சாதான் ஆட்டம் கணக்குல சேரும், அப்புறம் மழை வந்தாலும் கவலையில்ல. அந்த நேரத்துல இடதுபக்கத்துப் பலகை வரிசைய ஒரு பார்வை பாப்பேன். பலகை தெரிஞ்சா டீம் கிடையாது. பலகை தெரியாம தலையா தெரிஞ்சா டீம் உங்களுக்கு. ஏப்ரல் ரெண்டாவது வாரம் வரோம். எந்த நாள்னு நீங்களே சொல்லுங்க."

நாள் சொன்னவன் தலையில்தான் பழி விழும் என்று எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையில் பஸ் சீருடையோடு உட்கார்ந்திருந்த பெர்னடீன் எழுந்தார்.

"வெள்ளிக்கிழமை வைங்க சார். சாயங்காலம். மறுநாள் பள்ளிக்கூடமும் கிடையாது, வேலையும் கிடையாது. அன்னைக்கு ஒரு பலகை தெரிஞ்சாலும் நானே முதல் கடப்பாரைய எடுத்து மைதானத்த இடிக்கிறேன்."

மன்றமே கைதட்டியது. மேயர் சுத்தியலைத் தட்டினார். வெள்ளி என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்தபோது பெர்னடீனின் முகம் பழைய பந்துவீச்சுக்காரியின் முகமாக இருந்தது. அவர் கணவர் லாடி சமையலறை மேசையில் வானொலியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திருகாணியைக் கீழே வைத்தார்.

"வெள்ளின்னா சொன்ன?"

"வெள்ளிதான்."

"ஏப்ரல் ரெண்டாவது வெள்ளி."

"ஆமாங்கிறேன். காது கேக்கலயா?"

"காது நல்லாத்தான் கேக்குது பெர்னி. அன்னைக்கு மீன் யாரு பொரிப்பான்னு யோசிச்சேன்."

ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் பெர்னடீன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. இறைச்சி தொடாத சுத்தபோசன வெள்ளி. ஆறு பங்கிலும் கோயிலின் கீழ்த்தள மண்டபத்தில் மீன் பொரிப்பார்கள். கத்தோலிக்கர், கத்தோலிக்கர் அல்லாதவர், கடவுளே இல்லை என்கிறவர் எல்லோரும் அந்த வரிசையில்தான் நிற்பார்கள். ஏரி மீனும் முட்டைக்கோஸ் பச்சடியும் உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். ஸ்லோவாக்கியரின் புனித சிரில் பங்கில் மீன் சட்டிக்குப் பொறுப்பே பெர்னடீன்தான். அவரும் மறந்தார், கைதட்டிய மன்றமும் மறந்தது. எங்களுக்கு மீன் வரிசை என்பது ஏரிக்காற்று மாதிரி. அதை யாரும் தேதி பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

"பைத்தியக்காரி," என்றார் பெர்னடீன், தன்னைத்தானே.

"நான் சொல்லல," என்றார் லாடி.

மறுநாள் ஹாலவேக்குப் போன் போட்டார். தேதியை மாற்ற முடியாது, இரண்டு அணிக்கும் பஸ்ஸும் ஓட்டலும் காலையிலேயே பேசியாகிவிட்டது, வேண்டாமென்றால் வேறு ஊர் காத்திருக்கிறது என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் பெர்னடீன் ஒரு முடிவுக்கு வந்தார். ஊர் மீனை விட்டு வராது. அப்படியானால் மீனை மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

அவருடைய பங்குச்சாமியார் சிரித்துக்கொண்டே சரி என்றார். மற்றப் பங்குகளும் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. ஜெர்மானியரின் புனித போனிபாஸ் மட்டும் பாக்கி. ஊரிலேயே நீளமான வரிசை அங்கேதான். அங்கே சட்டிக்கு ராஜா ஓட்டோ ஃபெல்ட்மயர். பெர்னடீன் மீனை பியர் ஊற்றிக் கரைத்த மாவில் தோய்ப்பார். ஓட்டோ ரொட்டித் தூளில் புரட்டுவார். ஒருமுறை பிஷப் வந்திருந்த விருந்தில், ஓட்டோவின் மீன் மரத்தூள் மாதிரி இருக்கிறது என்று பெர்னடீன் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

போனிபாஸ் சமையலறையில் ஓட்டோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"யாரு, மரத்தூள் பார்ட்டியா?"

"நான்தான். ஒரு உதவி கேட்டு வந்தேன்."

"அடேயப்பா! அந்த வார்த்தை உங்க வீட்டுல கூட இருக்கா?"

"இருக்கு. உன்கிட்ட செலவழிக்கத்தான் சேத்து வெச்சிருந்தேன்." பெர்னடீன் விஷயத்தைச் சொன்னார்.

ஓட்டோ ஒரு தட்டைத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டு கேட்டார். "ஏரிக்காத்துல, வெட்டவெளில, மீன் பொரிக்கணும். எல்லாம் நீ வாய விட்டதுக்கு."

"ஆமா. நான் வாய விட்டதுக்குத்தான்."

இவ்வளவு சீக்கிரம் அவர் ஒத்துக்கொள்வார் என்று ஓட்டோ எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குக் கட்டிய வேட்டி அவிழ்ந்தது போல ஆகிவிட்டது அவருக்கு.

"என் சட்டி வாசலுக்கு நேரே இருக்கணும். நல்ல இடம்," என்றார் கடைசியில். "உன்னோடது இடதுபக்கத்து மூலைல. பலகைக்குக் கீழ."

"எடுத்துக்கோ."

அந்த வெள்ளியும் வந்தது. ஏரியிலிருந்து காற்று ஊசி ஊசியாகக் குத்தியது. ஆனால் சனம் வந்தது. கோட்டு, கம்பளி, காதுமூடி எல்லாம் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். டிக்கெட் கொடுக்கும் பெண்ணுக்குக் கை ஓயவில்லை. ஆறு பங்கின் எண்ணெய் வாசனையும் ஒன்றாகக் கலந்து மைதானத்துக்கு மேலே நின்றது. பெர்னடீன் சட்டியை விட்டுத் தலை நிமிரவில்லை. அவர் முன்னால் வரிசை வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தார்.

நான்காவது இன்னிங்ஸின்போது லாடி மேலேயிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"பெர்னி, மேல வந்து பாரு."

"சட்டிய விட்டுட்டா?"

"சட்டியாலதான் வினையே. வா."

பெர்னடீன் படியேறிப் பார்த்தார். இடதுபக்கத்தில் பலகைகள் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தலைகள். ஊர் முழுக்க வந்திருக்கிறது, ஆனால் கீழே, மீன் வரிசையில் நிற்கிறது. எங்கள் ஊர் மீன் வரிசையில் யாரும் அவசரப்பட மாட்டார்கள். அங்கேதான் சம்பந்தம் பேசுவார்கள், மூட்டுவலி பேசுவார்கள். பிடித்த இடத்தை விட்டு உயிர் போனாலும் நகர மாட்டார்கள். தூரத்தில், அணியின் அறைக்கு மேலே, ஹாலவே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அப்போது ஒரு பந்து உயரப் பறந்து வந்து காலிப் பலகையில் விழுந்தது. டக்.

பெர்னடீன் ஓடினார். தன் சட்டியிடம் இல்லை, ஓட்டோவின் சட்டியிடம்.

"ஓட்டோ, வரிசையக் கலைக்கணும். மீன நாம தூக்கிட்டுப் போகணும்."

"என் வரிசைய நான் கலைக்க மாட்டேன். மூணு தலைமுறையா நிக்கிற வரிசை."

"அந்தப் பலகை வரிசைக்கு உன் மீன்தான் போகணும். என்னோடது மேல போறதுக்குள்ள நமத்துடும். உன்னோடது மொறுமொறுன்னு நிக்கும்."

ஓட்டோவின் கரண்டி நின்றது. "இன்னொரு வாட்டி சொல்லு."

"என்னோடது நமத்துடும்!"

"சுத்தியிருக்கறவங்களுக்குக் கேக்கல."

"என் மீனு நமத்துடும், உன் மீனுதான் நிக்கும்! போதுமா, கிழவா?"

"போதும்," என்றார் ஓட்டோ. முகமெல்லாம் பல்லாக ஒரு தட்டை எடுத்து மீனை அடுக்க ஆரம்பித்தார். "உன் மாவு மீன வாசல்கிட்ட உக்காந்தவங்களுக்குக் குடு. பாவம், அதுவும் போகட்டும்."

பெர்னடீன் ஒரு ஐஸ் பெட்டியின் மேல் ஏறி நின்றார். மூச்சை இழுத்தார்.

"உக்காருங்க!"

மீன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எல்லாரும் மேல போய் உக்காருங்க! மொதல்ல இடதுபக்கப் பலகை! உக்காந்தவங்களுக்குத்தான் மீன்! நிக்கிறவங்களுக்குக் கொழுக்கட்டை கூடக் கிடையாது!"

மூளை யோசிப்பதற்கு முன்னால் கால்கள் நகர்ந்தன. வக்கீல் நகர்ந்தார். பல் பிடுங்குபவர் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினார். மேயருடைய தம்பி, "சரி மிஸஸ் கோசிக்," என்று தன்னையறியாமல் சொன்னான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் அவர்களும் படியேறினார்கள்.

பெர்னடீன் ஒரு தட்டைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஆறு பங்கின் சமையற்காரர்களும் தட்டுகளோடு மேலே வந்தார்கள். போனிபாஸ் மீன் போலந்துக்காரர் மடிக்குப் போயிற்று, சிரில் கொழுக்கட்டை ஜெர்மானியர் மடிக்குப் போயிற்று. யார் எந்தக் கோயில் என்று பார்த்து உட்கார நேரம் இல்லை. ஒரே கம்பளியை மூன்று பங்குக்காரர்கள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெர்னடீன் காகிதத்தில் சுற்றிய மீனைக் கடலைப் பொட்டலம் மாதிரி மேல் வரிசைக்கு வீசினார். தோள் கத்தியது. ஆனாலும் குறி தவறவில்லை.

ஐந்தாவது இன்னிங்ஸில் ஒருவன் பந்தை ஓங்கி அடித்தான். அது விளக்குகளுக்கு மேலே போய், மெதுவாகத் திரும்பி, இடதுபக்கத்தை நோக்கி இறங்கியது. பெர்னடீன் தட்டோடு அப்படியே நின்றார். டக் என்ற சத்தத்துக்காகக் காது காத்திருந்தது.

சத்தம் வரவில்லை. பந்து கோட்டுகளுக்கும் கம்பளிகளுக்கும் நடுவே விழுந்தது. மறு நொடி அங்கிருந்து ஒரு கூச்சல் கிளம்பி மைதானத்தைச் சுற்றி வந்தது. முட்டைக்கோஸ் பச்சடி வழிகிற கையில் பந்தைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண் குதித்துக்கொண்டிருந்தாள்.

இன்னிங்ஸ் முடிந்ததும் ஹாலவே பலகை வரிசைக்கு வந்தார். படியின் உச்சியில் நின்று பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏங்க, மறைக்காதீங்க! உக்காருங்க!"

உட்கார இடம் இல்லை. கொஞ்ச நேரம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கடைசியில் படியிலேயே உட்கார்ந்தார். பெர்னடீன் அவர் மடியில் ஒரு மீனை வைத்தார். ஓட்டோவின் மீன்.

அவர் ஒரு கடி கடித்தார். "தவக்காலம் வருஷத்துக்கு ஒரு தடவதானேம்மா? ஜூலைல என்ன செய்வீங்க?"

"இந்தக் குளிருக்கே வந்தவங்க சார். ஜூலைல இவங்களப் போகச் சொல்றதுதான் கஷ்டம்." ஒரே கம்பளிக்குள் இருந்த மூன்று பேரைக் காட்டினார். "அவங்க மூணு பேரும் இன்னைக்குத்தான் ஒருத்தரோட ஒருத்தர் பேசறாங்க. பேசி முடிக்கவே ரெண்டு சீசன் ஆகும்."

ஹாலவே சிரித்துவிட்டார். விரல்களைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"பலகை எதுவும் என் கண்ணுக்குத் தெரியல. டீம் உங்களுக்குத்தான். அடுத்த வருஷம் மே மாசம் தொடக்க ஆட்டம். என்ன கிழமை வைக்கலாம், நீங்களே சொல்லுங்க."

பெர்னடீன் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டு, கீழ்ப்படியில் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார்.

"லாடி! நீ சொல்லு!"