கரிசல் வண்டி கடலில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

காலை ஐந்து மணிக்குக் கோவில்பட்டியை விட்டுக் கிளம்பினோம். குட்டியானை லோடு வண்டியின் முன்சீட்டில் மூன்று பேர். ஓட்டுவது என் மருமகள் மாரீஸ்வரி, கதவோரம் என் மகன் சுப்பையா, நடுவில் நான். இரண்டு பேருக்குச் செய்த சீட்டு அது. அதில் நான் ஒருத்தியே ஒன்றரை ஆள். மாரீஸ்வரி மூன்றாம் கியர் போடும்போதெல்லாம் என் தொடையையும் சேர்த்துப் போட்டாள்.

வண்டிக்குப் பின்னால் ஒரு டிரெய்லர். பழைய டயர் மாட்டுவண்டியின் அச்சை வாங்கி சுப்பையாவே வெல்டிங் வைத்தது. அதன் மேல் பதினெட்டு அடி பைபர் வள்ளம், இன்னும் பெயின்ட் காணாமல் வெள்ளைவெளேர் என்று. பைபாஸ் டீக்கடையில் டீ பன்னிரண்டு ரூபாய், வடை எட்டு ரூபாய். வடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வள்ளத்தை மூன்று சுற்று சுற்றினார்.

"என்ன சுப்பையா, கம்மாய்ல மீன் பிடிக்கவா?"

"கம்மாய்ல தண்ணி கெடந்தா நாங்க ஏன் அண்ணாச்சி அறுவது கிலோமீட்டர் போறோம்?" என்றேன் நான். அவர் வடையைத் தின்னப் போய்விட்டார்.

சுப்பையா பைபரில் தண்ணீர்த் தொட்டியும் கூரையும் செய்கிறவன். வள்ளம் இதுதான் முதல். செய்யச் சொன்னவர் வேம்பாரைத் தாண்டி ஒரு சின்னக் கடற்கரை ஊரில் இருக்கும் சூசை. கடலில் இறக்கி ஓட்டிப் பார்த்து, மறுபடி கரையேற்றி, அடியைத் தடவிப் பார்த்த பிறகுதான் சரி என்பேன் என்று சொல்லியிருந்தார். சரி என்றால் வள்ளம் பெயின்ட் அடிக்கக் கோவில்பட்டிக்கே திரும்பி வர வேண்டும். அந்த ஊரில் வள்ளம் இழுக்க ஒரு டிராக்டர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை, அதனால் டிராக்டருக்கும் லீவு. எங்களுக்கோ ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வண்டி கிடையாது. மற்ற ஆறு நாளும் மாரீஸ்வரி தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிறாள்.

வண்டி அவளுடையது. அவள் பெயரில் லைசென்ஸ், அவள் பெயரில் ஆர்.சி. புத்தகம். ஆனால் சூசை போனில், "டிராக்டர் இல்லையே, எப்படி இறக்குதது?" என்று கேட்டபோது, "நம்ம வண்டி இருக்குல்லா தம்பி, கடலுக்குள்ளயே கொண்டாந்து விடுதோம்" என்று சொன்னது நான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் என்னோடு அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள்.

"அத்தை, உப்புத் தண்ணி எஞ்சினுக்குள்ள போச்சுன்னா வண்டி அம்புட்டுதான். இதுக்கு ரெண்டு சக்கரந்தான் இழுக்கும், பின்சக்கரம். ஜீப்பு மாதிரி நாலும் இழுக்காது. வண்டி போச்சுன்னா என் பொழப்பும் போச்சு. பெறவு திங்கக்கிழமை பண்டலை உங்க தலைலதான் ஏத்துவேன்."

"என் தலை தாங்கும்ட்டி" என்றேன்.

ஐந்தே முக்காலுக்கு எட்டயபுரம், பதினைந்து கிலோமீட்டர். அங்கிருந்து விளாத்திகுளம் இருபத்திரண்டு. டிரெய்லர் ஆடும் என்று மாரீஸ்வரி முப்பதுக்கு மேல் போகவில்லை. விடிந்தபோது இரண்டு பக்கமும் அறுத்த கம்பங்காடு, வெடித்துக் கிடக்கும் கரிசல். விளாத்திகுளம் தாண்டினால் ரோட்டோரம் முழுக்கச் சிவப்பு, மிளகாய் வற்றலை விரித்துப் போட்டுக் காவலுக்கு ஆள் படுத்திருந்தார்கள். நெடி தாங்காமல் மூன்று பேரும் மாற்றி மாற்றித் தும்மினோம். சூரங்குடி போனதும் மண் வெளுத்தது, பனை வந்தது, பிறகு உப்பளம் வந்தது. எங்கள் ஊர் மண் காலில் ஒட்டினால் வீட்டுக்குள் வரை வரும். இங்கே மண் விரலிடுக்கில் வழிந்து ஓடிவிடுகிறது. ஏழரை மணிக்கு ரோடு முடிந்த இடத்தில் கடல் நின்றது. மீட்டரில் அறுபத்தைந்து கிலோமீட்டர்.

சூசை ஒற்றை ஆளாக நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஊரே மாதா கோவிலில் பூசைக்குப் போயிருந்தது. போன வருடப் புயலில் வள்ளம் உடைந்ததிலிருந்து அடுத்தவர் வள்ளத்தில்தான் போய் வருகிறார். எங்கள் வள்ளத்தை மாட்டுச் சந்தையில் காளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஆச்சி, நீங்களும் வந்துட்டீயளா?"

"என்னைய விட்டுட்டு வந்தா வள்ளம் மெதக்காது தம்பி."

ஏழே முக்காலுக்கு இறக்கத் தொடங்கினோம். டிரெய்லரை மாட்டிக்கொண்டு பின்னால் போவது லேசில்லை. இடது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும். நான் முன்னால் நின்று, "இடது, இடது" என்று கையைக் காட்டினேன். டிரெய்லர் பக்கவாட்டில் போய் நின்றது.

"அத்தை, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், செத்த அந்த நெழல்ல உக்காருங்க."

உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததும் டிரெய்லர் நேராகப் போனது. வள்ளம் மிதக்கிற ஆழத்துக்கு டிரெய்லர் போக வேண்டும் என்றால் வண்டியின் பின்சக்கரம் தண்ணீரைத் தொடத்தான் வேண்டும். அரைச் சக்கரத்துக்கு வந்ததும் மாரீஸ்வரி பிரேக்கைப் போட்டாள். சுப்பையா கயிற்றை அவிழ்த்தான். ஒரு அலை வந்து வள்ளத்தைத் தூக்கியது. தொட்டி செய்கிற என் பிள்ளை செய்தது கடலில் மிதந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சூசை தன் பழைய எஞ்சினை மாட்டினார். அவரும் சுப்பையாவும் ஏறி, "ஒரு ரவுண்டு போயிட்டு வாரோம்" என்று கிளம்பினார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் புள்ளி ஆகிவிட்டார்கள். கரையில் நாங்கள் இரண்டு பேர், ஒரு வண்டி.

வண்டியை மேலே ஏற்றலாம் என்று மாரீஸ்வரி ஸ்டார்ட் செய்தாள். பின்சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. வரும்போது வள்ளத்தின் பாரம் பின்னால் அழுத்தியது. இப்போது பின்பக்கம் வெறும் தகரம். ஒவ்வொரு அலையும் திரும்பிப் போகும்போது சக்கரத்துக்கு அடியில் இருந்து ஒரு கை மணலை எடுத்துக்கொண்டு போனது.

இங்கேதான் நாங்கள் கரிசல்காட்டுக்காரிகள் என்பதைக் காட்டினோம். எங்கள் ஊரில் மழைக்கு வண்டி சேற்றில் புதைந்தால் முதல் வேலை பாரத்தை இறக்குவது. மூட்டையை இறக்கு, ஆளை இறக்கு, வெறும் வண்டியாக்கி ஒரே அழுத்தாக அழுத்து. பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்திருக்கிறோம். அதைத்தான் செய்தோம். டிரெய்லரைக் கழற்றி ஓரமாகத் தள்ளி விட்டோம். ஸ்டெப்னி டயர், ஜாக்கி, தார்ப்பாய், சோற்றுத் தூக்கு எல்லாவற்றையும் இறக்கிக் கரையில் வைத்தோம்.

"இப்ப ஒரே அழுத்தா அழுத்துட்டி!" என்று கத்தினேன்.

அழுத்தினாள். மணல் என் தலை வரை பறந்தது. பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை உள்ளே போயின. வண்டி பிட்டத்தைத் தண்ணீருக்குள் வைத்து உட்கார்ந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. முன்பு முழங்காலுக்குக் கீழே அடித்த அலை இப்போது புகைக்குழாயைத் தொட்டது.

மாரீஸ்வரி எஞ்சினை நிறுத்தினாள். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. சேலை நுனியால் நம்பர் பிளேட்டில் இருந்த மணலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எட்டரைக்கு வள்ளம் திரும்பியது. தூரத்திலிருந்தே சூசை கையை ஆட்டினார். கரை தொடும் முன்பே குதித்தார்.

"யாரு பாரத்தை எறக்குனது?"

"நாந்தான் தம்பி. எங்கூர்ல அப்படித்தான் செய்வோம்."

"அது உங்கூரு செகதிக்கு ஆச்சி. மணலுக்குப் பாரம் வேணும்லா! இழுக்குத சக்கரத்து மேல ஆளு ஏறணும். வெறும் வண்டி குழிதான் பறிக்கும்."

அப்போதுதான் கோவில் மணி அடித்தது. பூசை முடிந்து ஊர் வெளியே வந்தது. சூசை வாயில் இரண்டு விரலை வைத்து ஒரு விசில் அடித்தார். பட்டுச்சேலையும் வெள்ளைச்சட்டையுமாக நாற்பது பேர் மணலில் இறங்கி வந்தார்கள். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. சூசையின் மனைவி பிலோமி செருப்பைக் கழற்றிக் கரையில் எறிந்துவிட்டு முதல் ஆளாக வந்தாள். நாலு ஆண்கள் சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரிப் பனை மட்டையைப் போட்டார்கள். சூசை ஒரு குச்சியை வைத்து டயர்க் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். சுப்பையா பதறினான்.

"அண்ணாச்சி, காத்தையும் எறக்கிட்டா எப்படி?"

"மெத்துன்னு இருந்தாத்தான்வே மணலைப் புடிக்கும். ஏறுங்க எல்லாரும்! பின்னாடி, பின்னாடி! ஆச்சி எங்க? ஆச்சியக் கடைசியில உக்கார வைங்க, சக்கரத்துக்கு நேரா!"

இரண்டு பேர் தூக்க, இரண்டு பேர் தள்ள, நான் ஏறினேன். இத்தனை வருடம் ஆட்டோக்காரன் முதற்கொண்டு என்னைப் பார்த்து முகம் சுளித்த பாரத்துக்கு அன்றைக்கு ஒரு ஊரே கை கொடுத்தது. என்னைச் சுற்றிப் பதினைந்து பேர். ஒரு பாட்டி செபமாலையோடு என் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, உக்காந்துட்டீங்களா?" என்றாள் மாரீஸ்வரி முன்னாலிருந்து.

"உக்காந்துட்டேன்ட்டி."

"ஆடாதீங்க. கடவுள் உங்களை இதுக்காவத்தான் இம்புட்டுப் பெரிசாப் படைச்சிருக்காரு."

"ரெண்டாங் கியர்ல எடு தாயி, மெதுவா. அழுத்தாத, எறும்பு போறாப்பல போகட்டும்" என்றார் சூசை.

முதல் தடவை சக்கரம் உறுமி நின்றது. இரண்டாம் தடவை பனை மட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது. மடியில் இருந்த பாட்டி மாதாவைக் கூப்பிட்டாள், நான் மாரியம்மனைக் கூப்பிட்டேன். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. பிறகு நாலு முழம். பிறகு யாரையும் கேட்காமல் ரோடு வரைக்கும் போய்விட்டது. எல்லோரும் கத்தினார்கள். மாரீஸ்வரி மட்டும் இறங்கி ஓடிப்போய்க் குனிந்து புகைக்குழாயைப் பார்த்தாள்.

வள்ளத்தைக் கரையேற்றுவது இன்னும் பாக்கி. இந்தத் தடவை நான் யோசனை சொல்லவில்லை. வண்டி கெட்டித் தரையிலேயே நின்றது. டிரெய்லரை மட்டும் ஆட்கள் கையால் தள்ளித் தண்ணீருக்குள் கொண்டு போனார்கள். வண்டிக்கும் அதற்கும் நடுவில் அறுபது அடிக் கயிறு. வள்ளத்தை டிரெய்லர் மேல் மிதக்க விட்டுக் கட்டியதும், நாங்கள் பழையபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். மாரீஸ்வரி எறும்பாக எடுத்தாள். கயிறு விறைத்தது. தண்ணீர் ஒழுக ஒழுக வள்ளம் மணலில் ஏறி வந்தது. வண்டியின் சக்கரம் நனையவே இல்லை. காலையிலேயே இப்படிச் செய்திருக்கலாமே என்று கேட்டேன்.

"நீங்கதான ஆச்சி, கடலுக்குள்ளயே கொண்டாந்து விடுதோம்னு சொன்னீங்க. கரிசக்காட்டுல அப்படி ஒரு வண்டி இருக்கும்போலன்னு நெனச்சேன்."

சூசை வள்ளத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து உள்ளங்கையால் நுனி முதல் நுனி வரை தடவினார். எழுந்து உள்ளே ஏறி, ஓரங்களில் விரலை விட்டுப் பார்த்தார். விரலை சுப்பையாவிடம் நீட்டினார். காய்ந்த விரல்.

"சரிடே" என்றார். அவ்வளவுதான். சுப்பையா அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

பத்து மணிக்கு நான் நினைக்காத ஒன்று நடந்தது. பிலோமி இடுப்பில் ஒரு குடம் தண்ணீரோடு வந்து, வண்டிக்கு அடியில் குனிந்து, அச்சிலும் பிரேக்கிலும் வீசி ஊற்றினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

மாரீஸ்வரி ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு ஓடிப்போய்த் தடுத்தாள். "எக்கா, இது குடிதண்ணில்லா! வெலைக்கு வாங்குத தண்ணியா?"

"ஆமா, குடம் பதினஞ்சு ரூவா. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வரும்."

"பெறவு ஏன்க்கா இதுல ஊத்துதீங்க?"

"உப்பைக் கழுவாம வீட்டுக்குக் கொண்டு போனீன்னா ஒரே மாசத்துல தகரம் தூளாப் போவும். எங்க எஞ்சினுக்கு நாங்க தெனமும் ஊத்துதோம். ஒன் வண்டி எங்க வள்ளத்தைச் சொமந்துட்டு வந்திருக்கு, அதுக்கு ஊத்த மாட்டமா? தள்ளு."

நாங்கள் தண்ணீர் அருமை தெரியாத ஊரிலிருந்து வரவில்லை. குழாயில் காற்று வந்தால்கூட எழுந்து குடத்தை வைக்கிற ஊர். அதனால்தான் நின்று எண்ணினேன். பதினோரு குடம்.

மத்தியானம் பிலோமி வீட்டில் சாளை மீன் குழம்பும் சோறும். நாங்கள் கொண்டு போன கம்பஞ்சோற்றை அவர்கள் வீட்டில் சண்டை போட்டுத் தின்றார்கள். ஒரு மணிக்குக் கிளம்பினோம். வேம்பார் பஞ்சர் கடையில் நாலு டயருக்கும் காற்று அடித்தோம், நாற்பது ரூபாய். நாலரைக்கு வீடு. மறுநாள் காலை ஏழு மணிக்கு மாரீஸ்வரி சாவியைத் திருப்பினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒரே திருப்பில் எடுத்தது. பண்டல் ஏற்றப் போய்விட்டாள். என் தலை தப்பியது.

அந்த ஊரில் யாருக்கும் என் பேர் தெரியாது. ஆச்சி என்று கூப்பிட்டதோடு சரி. அவர்களில் யாராவது எங்கள் தெருவில் வந்து வண்டியோடு சிக்கியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். டீ கொடுத்திருப்பேன். தள்ள ஆள் கூப்பிட்டிருப்பேன். யோசனை நிறையச் சொல்லியிருப்பேன். குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய்ச் சக்கரத்தில் ஊற்றியிருப்பேனா? பொய் சொல்ல மாட்டேன், முதல் குடத்தோடு நின்றிருப்பேன். இன்று குழாயில் தண்ணீர் வந்தது. எப்போதும் பிடிப்பதைவிட ஒரு குடம் கூடப் பிடித்து வாசலில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று மாரீஸ்வரி கேட்டாள். கிடக்கட்டும் என்றேன்.