ஹனிமூனுக்குப் பத்துப் பேர்

போன வாரம் நான் ஹனிமூனுக்குப் போய்விட்டு வந்தேன்.

பதற வேண்டாம். கல்யாணம் என்னுடையது அல்ல. எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகிறது. என் மனைவியும் கூடவேதான் வந்திருந்தாள். புது மாப்பிள்ளை பக்கத்து வீட்டு ஜெபராஜ். அவனுடைய ஹனிமூனுக்கு நான் ஏன் போனேன் என்கிறீர்களா? எண்ணிக்கையைச் சரிக்கட்டுவதற்காக.

புரியவில்லை அல்லவா... முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

பம்பாய்த் தாராவியில் எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் கட்டடத்தில், கோலி என்றால் ஓர் அறை. அந்த ஓர் அறைதான் வீடு. ஜெபராஜ் வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, ஒரு தங்கை, இரண்டு தம்பிகள். திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போய்த் தாலி கட்டி லில்லியை அழைத்து வந்ததும் ஆள் எட்டாயிற்று. புது ஜோடிக்கென்று மூலையில் கொடி கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். போர்வைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். இந்தப் பக்கம் ஆறு பேர். அந்தப் பக்கத்தில் யாராவது லேசாக இருமினால் போதும், இந்தப் பக்கத்திலிருந்து அத்தை சுக்கு வேண்டுமா என்று கேட்பாள்.

ஜெபராஜுக்கு டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. அங்கே அவனுடைய ஃபோர்மேன் நல்ல மனிதர். ஹனிமூன் எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார். எங்கேயும் இல்லை என்று இவன் சொன்னதும், திங்கட்கிழமை முதல் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நேராக என் பட்டறைக்கு வந்தான். நான் தோல் பெட்டியும் பையும் தைக்கிறவன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். சின்னதாக ஒரு சூட்கேஸ் வேண்டும், இரண்டு பேர் துணி பிடித்தால் போதும் என்றான். பிறகு ஒரு வாரை எடுத்து மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தான். நானும் தையலை நிறுத்தவில்லை. எதிராளி முகத்தைப் பார்க்காமல் பேசுவது எங்கள் இருவருக்குமே சௌகரியம்.

"மாமா... கல்யாணமாகி மூணு வாரமாச்சு. அவ குரல் எப்படியிருக்கும்னே எனக்கு இன்னும் சரியாத் தெரியல."

உண்மைதான். மாமியார் கேட்டால் லில்லி தலையை ஆட்டுவாள். அத்தை கேட்டாலும் தலையை ஆட்டுவாள். பன்னிரண்டு காதுகள் திறந்திருக்கிற அறையில் புருஷனிடம் ஒரு புதுப்பெண் என்னத்தைப் பேசுவாள்? ஜெபராஜுக்கு ஊமைப் பெண்ணைக் கட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூடக் குழாயடியில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டி இரண்டு நாளில் தயாராகிவிட்டது. ஊர்தான் கிடைக்கவில்லை.

ஹனிமூன் என்றால் என்னவென்று ஜெபராஜின் அம்மா ஞானம் அக்காவுக்குப் புரியவைக்கவே ஒரு சாயங்காலம் ஆயிற்று. மறுவீடுதான் போயாகிவிட்டதே, இன்னும் எந்த வீடு பாக்கி என்று கேட்டாள். வீட்டுக்கு இல்லை, ஊருக்கு என்றான். ஃபோர்மேன் பேரைச் சொன்ன பிறகுதான் சம்மதித்தாள். பெரிய இடத்து வார்த்தையைத் தட்டக் கூடாதாம்.

முதலில் பூனா என்றான். பூனாவில் அக்காவின் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறார். அவர் இருக்கும்போது லாட்ஜில் தங்கினால் ஜென்மத்துக்கும் முகத்தில் முழிக்க மாட்டார். அவர் வீட்டிலேயே தங்கலாம் — அங்கே ஒரே அறையில் ஒன்பது பேர். லோனாவ்லா என்றான். அங்கே அத்தையின் கொழுந்தனார் மகன். நாசிக்கிலும் யாரோ ஒரு சித்தப்பா முளைத்தார்.

சரி, சொந்தக்காரர் வாசனையே இல்லாத ஊராகப் பார்ப்போம் என்று கோவா என்றான். இப்போதுதான் நம் தேசத்தோடு சேர்ந்துவிட்டதே. அக்கா திடுக்கிட்டுப் போனாள். "அங்க நமக்கு யாரு இருக்கா? ஒரு தலவலின்னா வெந்நி வச்சுக் குடுக்க நாதி உண்டால?"

மகாபலேஷ்வருக்கும் அதே தலைவலிதான்.

ஆக, சட்டம் இதுதான். தெரிந்தவர் இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்கக் கூடாது. தெரிந்தவர் இல்லாத ஊருக்குப் போகவே கூடாது. இந்தச் சட்டத்துக்குள் அடங்குகிற ஊர் எது? தம்பியின் பள்ளிக்கூடத்து அட்லாஸை விரித்து வைத்துக்கொண்டு விரலால் தேடினான் பாவம். காஷ்மீர் வரை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். வருஷத்தில் நாலைந்து தடவைதான் திறப்பேன். அதில் ஒன்று இப்படிப் போயிற்று.

மாத்தேரான் மலையில் குதிரை விடுகிற கண்பத் எனக்குப் பழக்கம். சேணத்து வார்களெல்லாம் என்னிடம்தான் தைத்துக்கொண்டு போவார். மலைமேல் அவருக்கு வீடு கிடையாது. லாயத்தில் குதிரைகளோடுதான் படுக்கை. இதைச் சும்மாதான் சொன்னேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தெரிந்தவர் உண்டு. தங்க வீடு இல்லை.

"அது நல்ல ஊரு," என்றாள் அத்தை, அந்த ஊர்ப் பெயரை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டவள்.

ஜெபராஜ் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆனால் பாருங்கள், அந்த வெளிச்சம் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. சின்னஞ்சிறுசுகள் மலைக்குத் தனியாகப் போவதாவது என்று அத்தை துணைக்குக் கிளம்பிவிட்டாள். உடனே ஞானம் அக்கா விரலை மடக்கினாள். இரண்டும் ஒன்றும் மூன்று. மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் புறப்படலாமா? விளங்குமா?

நாம் கிறிஸ்தவர்கள், இதையெல்லாம் நம்பலாமா என்றான் ஜெபராஜ். நம்பக் கூடாதுதான், ஆனால் மூன்று பேராகப் போக வேண்டாம் என்றாள்.

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவி... மூணு பேருதானம்மா?"

"ஏல, அவுக மூணு பேரும் ஒரே ஆளு. நீங்க மூணு பேரும் மூணு ஆளு."

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் சொல்கிறேன், எங்கள் பாதிரியார்கூட இவ்வளவு தெளிவாக அதை விளக்கியதில்லை.

எனவே நாலாவது ஆளாக அக்காவே வருவதாக முடிவாயிற்று. அப்புறம் ஜெபராஜின் அப்பா அண்ணாச்சிக்கு யார் சோறு பொங்குவது? அவரும் வரட்டும். ஐந்து! ஒற்றைப்படை ஆகாது. குதிரைக்காரரைத் தெரிந்தவர் நீங்கள்தானே தம்பி, நீங்களும் வாருங்கள். ஆறு. மூட்டை கட்டலாம் என்றிருக்கும்போது என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: ஊரார் ஹனிமூனுக்கெல்லாம் போகிற மனுஷன் என்னை எங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்? அவளும் ஒரு மூட்டை கட்டினாள். ஏழு. தங்கையைச் சேர்த்தார்கள், எட்டு. இரண்டு தம்பிகளைத் தனியாக விட்டுவிட்டுப் போவதா?

பத்து.

இதையும் ஜெபராஜ் பொறுத்துக்கொண்டான். மலையில் நடக்கும்போது பின்தங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான். புறப்படுவதற்கு முந்தின நாள் அக்கா இன்னொன்றும் சொன்னாள். கண்பத் இரண்டு ரூம் சொல்லி வைத்திருக்கிறாராம். பெண்களெல்லாம் ஒரு ரூம். ஆண்களெல்லாம் ஒரு ரூம்.

வீட்டிலாவது நடுவே ஒரு போர்வைதான். மலையில் சுவர்.

ஜெபராஜ் என்னைப் பார்த்தான். லில்லியும் அடுப்படியில் சட்டியைக் கழுவுவதை நிறுத்திவிட்டு ஒரு நொடி அப்படியே இருந்தாள். பிறகு கழுவின சட்டியையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை தாதர் ஸ்டேஷன். பத்துப் பேர், பதினாலு உருப்படி. ஸ்டவ், அரிசி, புளி, ஊறுகாய் ஜாடி, ஒரு ஹோல்டால், நான் தைத்த சின்னப் பெட்டி. கோலியைப் பூட்டிய சாவியை அண்ணாச்சி தொலைத்துவிடுவார் என்று அக்கா என்னிடம் கொடுத்திருந்தாள். அதிகம் பேசாதவன் எதையும் தொலைக்க மாட்டான் என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

கர்ஜத் வண்டி வந்தது. காலை நேரக் கூட்டம்... கேட்க வேண்டுமா? ஜெபராஜையும் லில்லியையும் சாமான் பக்கத்தில் நிறுத்திவிட்டு மற்றவர்களை ஏற்றினேன். உருப்படிகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். கடைசியில் அந்தச் சின்னப் பெட்டி மட்டும் பாக்கி. நான் ஏறி வாசலில் நின்றுகொண்டேன். ஜெபராஜ் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

அந்தக் கையில் சாவியை வைத்தேன்.

"நீ ஏறாத. புதன்கிழமை சாயந்தரம் வரைக்கும் கோலில ஒருத்தரும் கிடையாது."

அவன் மரம் மாதிரி நின்றான். ஃபிட்டர் வேலைக்குக் கை சுறுசுறுப்பு போதும் போலிருக்கிறது. ஆனால் லில்லி இருக்கிறாளே... சட்டென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். தாராவிப் பக்கம் திரும்பியும்விட்டாள்.

வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியாக இதைப் பார்த்த அத்தை போட்ட கூச்சலில் சங்கிலியைப் பிடித்து இழுக்க ஒருவர் எழுந்தேவிட்டார். கூட்டத்தில் ஏற முடியவில்லை, அடுத்த வண்டியில் வந்துவிடுவார்கள் என்றேன். நான் பொய் சொல்வேன் என்று யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

நெரலில் இறங்கியதும் அக்கா ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். புறப்பாடே அபசகுனமாகிவிட்டது, திரும்பிப் போகலாம் என்றாள். இப்போதே திரும்பினால் எல்லாம் பாழ். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"அக்கா, எட்டுப் பேரு இருக்கோம். ரெட்டைப்படைதான்."

அவளும் எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து மலை ரயிலில் ஏறி ஜன்னலோரமாக இடம் பிடித்தாள்.

மேலே கண்பத் ஒரு குதிரைக்குப் பூமாலையெல்லாம் போட்டுத் தயாராக நிறுத்தியிருந்தார். புது ஜோடி எங்கே என்றார். எங்களுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாலை போட்ட குதிரையைச் சும்மா திருப்பி அனுப்பினால் குதிரைக்கு நல்லதில்லை என்று கண்பத் ஏதோ சொன்னார். அண்ணாச்சி இருபத்தைந்து வருஷமாகத் தோல் பதனிடும் கிடங்கில் வேலை பார்ப்பவர். உயிரோடு இருக்கிற தோலில் அன்றுதான் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தார். பக்கத்துக் குதிரையில் அக்கா. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவள், போட்டோக்காரர் வந்ததும் திறந்தாள்.

இருவரும் வருகிறார்களா என்று அக்கா ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தாள். முதல் நாள் எல்லா வண்டிக்கும் போனாள். இரண்டாம் நாள் ஒரு வண்டிக்கு. மூன்றாம் நாள் குதிரையில் போனாள்.

புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தோம். எங்கள் சந்தில் நுழையும்போதே ஒரு பெண் குரல் கேட்டது. நல்ல கணீர் குரல். யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தது.

"உப்பு போட்டாச்சு, போட்டாச்சுன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்? காத என்ன டிராம்பேலயே விட்டுட்டு வந்துட்டியளா?"

எட்டுப் பேரும் அப்படியே நின்றுவிட்டோம்.

"இது யாரு?" என்றாள் ஞானம் அக்கா.

கதவு திறந்தது. கையில் கரண்டியோடு ஜெபராஜ். திட்டு வாங்கிக்கொண்டிருக்கிற ஒரு மனிதன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. எங்களைப் பார்த்ததும் உள்ளே லில்லி பழையபடி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் இனிமேல் குனிந்து என்ன பயன்? சந்து முழுக்கக் கேட்டாகிவிட்டதே.

அக்கா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. அத்தை இன்னும் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்கா பட்டறை வாசலில் வந்து நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, கண்பத் நம்மை அடுத்த தடவை எப்போது வரச் சொன்னார் என்று கேட்டாள்.

அவர் அப்படிச் சொல்லவேயில்லை. இருந்தாலும் அடுத்த மாதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த ஒரு வாரத்தில் சாலில் நாலு வீட்டில் கேட்டுவிட்டார்கள் — தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம், ஹனிமூனுக்கு எந்த ஊர் நல்ல ஊர்?

மற்ற எல்லோரையும் எந்த ஊருக்கு அனுப்ப முடியுமோ, அந்த ஊர்.