கவுன்சிலிங்குக்குச் சாட்சியோடு போனவன்

பத்து நாளைக்கென்று சொல்லிவிட்டுக் காலாப்பட்டில் மகள் வீட்டுக்குப் போன என் மனைவி, இரண்டு மாதமாகியும் திரும்பவில்லை. போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பாள். எப்போது வருகிறாய் என்று நான் கேட்டால் லைன் சரியில்லை என்பாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான் லைன் சரியில்லாமல் போகும்.

நான் செய்த குற்றம், ரிட்டையர் ஆனது. முப்பத்து நாலு வருஷம் அரசாங்க ஆபீசில் அடுத்தவன் எழுதிய கோப்பில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். சால்வை போட்டு, மாலை போட்டு, நெல்லித்தோப்பில் வீட்டு வாசல்வரை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். வீட்டில் பார்ப்பதற்குக் கோப்பு எதுவும் இல்லை. சமையற்கட்டு இருந்தது.

பருப்பு டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். ஃப்ரிட்ஜில் ஒரே சமயத்தில் இரண்டு அரைமூடித் தேங்காய் எதற்கு என்று விளக்கம் கேட்டேன். அவள் மீன் வறுக்கும்போது பின்னால் போய் நின்று, எண்ணெய் இன்னும் காயவில்லை என்றேன். கடற்கரையில் பிறந்து, மீனோடு வளர்ந்தவளிடம் போய்ச் சொன்னேன்! ஆடியில் அவள் பிறந்த ஊரான வீராம்பட்டினத்துக்குத் தேர் பார்க்கப் போயிருந்த அன்று, மொத்தச் சமையற்கட்டையும் இறக்கி அகரவரிசைப்படி அடுக்கிவைத்தேன். பாராட்டுவாள் என்று நிஜமாகவே நம்பினேன். சாயங்காலம் வந்தவள் புளி ஜாடியைத் தேடினாள். 'ப' வரிசையில் பார் என்றேன். மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, "பொண்ணு வூட்டுக்குப் போறேன், பத்து நாள்ல வந்துருவேன்" என்று கிளம்பிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மகள்தான் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, நீ ஒருதடவ கவுன்சிலிங் போய்ட்டு வாயேன்."

"பைத்தியம்னே முடிவு பண்ணிட்டியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லப்பா. ரிட்டையர் ஆனா நெறைய பேருக்கு இப்டி ஆவுது. உக்காந்து பேசினா சரியாவும்."

உட்கார்ந்து பேசினால் என்றதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நானும் வீராம்பட்டினத்துக்காரன்தான்; வேலை கிடைத்த பிறகுதான் டவுனுக்குக் குடிவந்தேன். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி தகராறு முற்றினால் பஞ்சாயத்தில் சொல்லுவோம். புகார் சொன்னவன் சாட்சி கொண்டுவர வேண்டும். பஞ்சாயத்தார் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டனுப்பி, இரண்டு பக்கமும் கேட்டு, தீர்ப்புச் சொல்லுவார்கள். அதையே ஏசி ரூமில் செய்தால் கவுன்சிலிங் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பத்தி பத்தியாக எண் போட்டு, நாலு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். சாட்சிக்கு என் மச்சானை, அதாவது என் மனைவியின் சொந்த அண்ணனையே, வெள்ளை வேட்டி கட்டி வரச்சொல்லி அழைத்துக்கொண்டு போனேன். அவளுடைய ஆளே என் பக்கம் பேசினால் அவள் கேஸ் நிற்குமா?

கவுன்சிலர் அம்மாவுக்கு என் மகளைவிட இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும். மச்சானைப் பார்த்து, "இவங்க யாரு சார்?" என்றாள்.

"சாட்சிம்மா."

சிரிக்கவில்லை. அதற்காக அவளை மெச்ச வேண்டும். "அவங்க கொஞ்சம் வெளில உக்காரட்டும் சார்" என்றாள். மச்சானுக்கு முகம் தொங்கிவிட்டது. "இன்னா மாப்ளே, சாட்சியவே கேக்காம இன்னா பஞ்சாயத்து இது?" என்று முனகிக்கொண்டே வராந்தா பெஞ்சுக்குப் போனார்.

நாலு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். நல்ல அறிகுறி என்று நினைத்து, "அவள எப்பம்மா கூப்புடப் போறீங்க?" என்றேன்.

"அவங்கள கூப்பிடப் போறதில்ல சார். வந்திருக்கறது நீங்கதானே. உங்களப் பத்திப் பேசுவோம்."

"என்மேல யாரும் புகார் குடுக்கலியேம்மா!"

வாராவாரம் போனேன். அவள் தீர்ப்பும் சொல்லவில்லை, அபராதமும் போடவில்லை. கேள்விதான் கேட்டாள். இதற்கா படித்தார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் வியாழக்கிழமை வந்தால் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். போக ஓர் இடம் இருந்தது அல்லவா.

நாலாவது வாரம், "ரிட்டையர் ஆன மறுநாள் காலைல என்ன பண்ணீங்க சார்?" என்று கேட்டாள்.

பேப்பர் படித்தேன் என்றேன். அது பொய். அவள் அடுத்த கேள்விக்குப் போகாமல் சும்மா இருந்தாள். எனக்கோ வாய் சும்மா இருக்காது. உண்மையைச் சொன்னேன். அன்று காலை வழக்கம்போலக் குளித்து, பேண்ட் சட்டை மாட்டி, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். என் பஸ் வந்தது. கண்டக்டர் பழகினவர், "ஏறுங்க சார்" என்று கையைக் காட்டினார். வரவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு நின்றேன். அடுத்த பஸ்ஸும் வந்து போனது. மூன்று பஸ்ஸை அனுப்பிவிட்டு, பின்பக்கத் தெரு வழியாக வீட்டுக்கு வந்து, வாக்கிங் போனேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அறுபது வயதில், மகள் வயதுப் பெண்ணுக்கு எதிரில், மூக்கு ஒழுக. வெட்கக்கேடாக இருந்தது. மேஜைமேல் இருந்த காகிதக் கைக்குட்டை வேர்வை துடைப்பதற்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அழுது ஓய்ந்ததும் நல்ல பசி எடுத்தது.

"இத வீட்ல சொன்னீங்களா சார்?"

"இல்ல."

"போய்ச் சொல்லுங்க. அப்புறம் அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியா இருக்கணும். அவங்க சொல்லி முடிக்கிறவரைக்கும் நீங்க பேசக் கூடாது."

காலாப்பட்டு பஸ்ஸில் வழி நெடுக யோசித்தேன். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற நினைப்புத்தான்.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். என் மனைவி மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாப் கதையைச் சொன்னேன். துணி மடித்த கை நின்றது. "அடப்பாவி மனுஷா, எங்கிட்ட சொல்லியிருந்தா இன்னா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் கேள்வி தானாக வந்தது.

"நான் வேலைக்குப் போனப்புறம், நீ தெனம் இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்ணுவேன்? தொவைப்பேன், ஆக்குவேன்." கொஞ்சம் தயங்கினாள். "பாடுவேன்."

வாயைத் திறந்தேன். ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

"நீ தெரு திரும்பினதும் கதவச் சாத்திட்டு சத்தமா பாடுவேன். ரேடியோல கேட்டது, ஊர்ல வலை இழுக்கறப்ப பாடுறது, எல்லாந்தான். நீ வூட்டோட இருக்க ஆரம்பிச்சப்புறம் பாட்டே வர்ல. தொண்டைய அடைச்சிக்கிச்சி. மூச்சு முட்டிப்போய்த்தான் இங்க வந்தேன்."

முப்பத்து நாலு வருஷமாக என் வீட்டில் ஒருத்தி பாடியிருக்கிறாள். டப்பாவில் எத்தனை படி பருப்பு இருக்கிறது என்று தெரிந்த எனக்கு அது தெரியவில்லை.

"இனிமே நான் இருக்கறப்பவே பாடு" என்றேன்.

"நீ தப்பு சொல்லுவ."

"சொல்ல மாட்டேன்."

"யாரு, நீயா?" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் வந்தாள். சமையற்கட்டைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பி அடுக்கினாள். நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் அவள் பாடவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. கவுன்சிலர் அம்மாவிடம் முறையிட்டேன். அவசரப்படாதீங்க சார் என்று சொல்லிவிட்டாள்.

ஒருநாள் காலையில் குளித்துக்கொண்டிருந்தேன். சமையற்கட்டிலிருந்து பாட்டுக் கேட்டது. மெதுவாகத்தான். இரண்டாவது வரியிலேயே சுருதி எங்கோ போய்விட்டது, மெட்டும் வேறு. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இன்னும் நன்றாகக் கேட்கலாமே என்று துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். பாட்டு நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?"

"நீ வந்துட்டியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் சோப்பு போவல" என்று சொல்லித் திரும்பக் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். வெளியே சத்தமே இல்லை. எட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் தரையில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் பாட ஆரம்பித்தாள்.